அமாவாசையில்லாத நாளில் அருவிக்குப் போனோம்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் மீசையில்லாமல் வீட்டுக்குள் வந்தார்.

நான் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் சுளகைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏலே, யாருடா செத்தது?"

"யாரும் சாகல ஆத்தா. மதுரையில இப்ப எல்லாரும் இப்படித்தான் எடுத்துக்கிறாக. இதான் பேசன்."

"என்ன எழவு பேசனோ" என்றார் மாமியார். உளுந்து முற்றமெல்லாம் சிதறிக் கிடந்தது. அதைப் பொறுக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கம்பம் ஊரில் மீசையில்லாத ஆண்பிள்ளை என்றால் ஒன்று பால்குடிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது பெற்றவரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவனாக இருக்க வேண்டும். மழித்துவிட்ட நாவிதரும் ஒன்றும் கேட்கவில்லையாம். துக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதென்று பேசாமல் மழித்து, பேசாமல் துண்டை உதறியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அதை நல்ல மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மீசை எடுத்த கையோடு இன்னொன்றும் அறிவித்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சுருளி அருவிக்குப் போகிறோம். சும்மா. பார்த்துவிட்டு வர.

வாத்தியாருக்கு வந்த வியாதி

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "கட்டின புருஷனை இப்படி வாரலாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, அவர் இதோ எதிரே ஈஸிசேரில்தான் சாய்ந்திருக்கிறார். நான் எழுதுவதை முதலில் படிப்பவரே அவர்தான். தன்னைப் பற்றி வருகிற இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவார். வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர், வேறென்ன செய்வார்.

அந்த உத்தியோகத்துக்குப் படிக்கத்தான் அவர் மதுரைக்குப் போனார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் படிக்கிற பிள்ளைகளை அழகர்மலைக்குக் கூட்டிப்போய், மரத்தடியில் உட்காரவைத்துச் சோறு போட்டு, இதற்குப் பெயர் 'எக்ஸ்கர்ஷன்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது இந்த ஊர்சுற்றல் வியாதி. மலேரியாகூட கொயினா மாத்திரைக்குக் கேட்டது, இது எதற்கும் கேட்கவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் மலை. நடுவில் நெல்லும் வாழையும். இதைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் மேற்கு மலையைப் பார்ப்பது மழை இறங்குமா என்று தெரிந்துகொள்ள. கிழக்கு மலையைப் பார்ப்பது விடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. அழகாக இருக்கிறதே என்று யாரும் பார்த்து நான் கண்டதில்லை. வேலைவெட்டி இல்லாமல் ஒருவர் மலையைப் பார்த்து நின்றால், காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள்.

ஒருமுறை மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். வெயிலில் நிறுத்திவைத்து, எப்படிக் குடைந்தார்கள், எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று பாடம் நடத்தினார். என் மாமனார் பேச்சுக் குறைவானவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தத் தண்ணியத்தான நம்ம வயல்ல தெனமும் பாக்குறோம்? அங்கனயே நின்னு பாத்திருக்கலாமே" என்றார். வாத்தியார் அத்தோடு பாடத்தை முடித்துக்கொண்டார்.

சுருளி விஷயம் இதைவிட மோசம். சுருளிக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் போகாமல் இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போவார்கள். வீட்டில் ஒருவர் போய்விட்டால், சாம்பலை எடுத்துக்கொண்டு போவார்கள். தலை முழுகுவார்கள், பிண்டம் வைப்பார்கள், காக்காயைக் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். செத்தவர்களுக்காகப் போகிற இடம் அது. உயிரோடு இருப்பவர்கள் சந்தோஷத்துக்குப் போவது என்பது, கல்யாணச் சாப்பாட்டைச் சுடுகாட்டில் வைத்துப் போடுகிற மாதிரி.

அம்மியிடம் பேசுகிறவர்

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் என்னோடு பேசமாட்டார்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் நேராக ஒரு வார்த்தை கிடையாது. என்னிடம் சொல்ல வேண்டியதை அம்மியிடம் சொல்வார். "தேங்காய இம்புட்டுக் கொறகொறன்னா அரைப்பாக?" என்று அம்மியைக் கேட்பார். அம்மி பதில் சொல்லாது. நான் மறுபடி அரைப்பேன். மாட்டிடம் சொல்வார், குடத்திடம் சொல்வார். அந்த வீட்டில் அவர் பேசாத சாமான் நான் ஒருத்திதான்.

காரணம் இருந்தது. மாமியார் பிறந்தது கூடலூர். அங்கே அவருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பி மகளைத்தான் என் வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும். முறைப்பெண். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மதுரைக்குப் போய்ப் படித்து வந்தவர், சொந்தத்தில் கட்டமாட்டேன் என்று சின்னமனூரில் என்னைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்.

எனக்குச் சின்னய்யா, அதாவது சித்தப்பா முறை ஆக வேண்டிய அந்தத் தம்பி கூடலூரார் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட உறவு ஒருவரை நிறுத்தி, அவர் கையால் மாலை எடுத்துக் கொடுக்கவைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் கூடலூரார் இதே வாசலில் நின்று சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, இனி ஒன் வாசப்படிய நான் மிதிச்சா, அது ஒனக்குக் கோடி போடத்தான்."

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலைதான் கோடி. உடன்பிறந்தவனிடமிருந்து இதைக் கேட்டுவிட்டு ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்? மூன்று பொங்கலுக்கும் கூடலூரிலிருந்து சீர் வரவில்லை. அந்த ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மாமியார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். வண்டி போய்விடும். உள்ளே வந்து அம்மியோடு பேசுவார்.

அந்தத் தம்பி மகளோ போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற வீட்டில் வாக்கப்பட்டு, கழுத்து கொள்ளாத நகையோடு நன்றாகவே இருந்தார். என் கழுத்தில் தாலிக்கயிறு, என் வீட்டுக்காரர் கழுத்தில் சட்டைக்காலர். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் தம்பியைப் பிரித்தவள் நான் என்று தீர்ப்பாகிவிட்டது. எனக்கு அது முள்ளாகக் குத்தியது. அந்த மனுஷர் ஒருநாள் இந்த வீட்டில் வந்து கை நனைத்தால் போதும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

பாறையில் மூன்று இலை

கோழி கூப்பிடும்போதே கூண்டு வண்டியைப் பூட்டினார் மாமனார். புளிச்சோறு, வாழையிலைக் கட்டு, தேங்காய், வாழைப்பழம், ஒரு புதுப்பானை, மாற்றுத்துணி. வண்டியில் ஏற்றியதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மாமியார் குடத்தைக் கேட்டார்: "எள்ளு ஒண்ணுதான் பாக்கி. அதையும் எடுத்துக்கிட்டா என்னவாம்?"

அவருக்கு வர இஷ்டமே இல்லை. மகனும் மருமகளும் ஜோடி போட்டுக்கொண்டு போனார்கள் என்று தெரு பேசக்கூடாதே என்று காவலுக்கு வந்தார். சுருளிப்பட்டியைத் தாண்டி, மலையடியில் புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்ததும், "நான் ஏறல. தல முழுக எனக்கு யாரும் செத்துப்போகல" என்று மாட்டிடம் சொல்லிவிட்டு, வண்டிக்குள்ளேயே வைக்கோலில் சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும் மேலே போனோம்.

கிண்டல் இருக்கட்டும். அந்த அருவியில் நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை. பச்சை வாசனையும் பாசி வாசனையுமாக, தலையில் யாரோ அள்ளி அள்ளிக் கொட்டுகிற மாதிரி குளிர்ந்த தண்ணீர். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்காது. மூன்று வருஷத்தில் முதல்தடவையாக, யாருக்கு என்மேல் என்ன வருத்தம் என்று நினைக்காமல் நின்றேன். வாய்விட்டுச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் குரங்குகள் வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து நியாயத்தைப் பாறையிலும் கொண்டுவந்தார். குரங்குக்குத் தனி இலை, காக்காய்க்குத் தனி இலை, நமக்குத் தனி இலை. குரங்கு காக்காய் பங்கையும் தின்றுவிடக் கூடாதாம். ஆகவே ஈர வேட்டியோடு, மேலே சட்டையில்லாமல், மீசையும் இல்லாமல், பாறையில் இலை போட்டுச் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். சுருளிப்பட்டிக்காரர், மாட்டு வியாபாரி. கூடலூராருக்கும் எங்களுக்கும் அவரைத் தெரியும். குளிக்க வந்தவர் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இலையைப் பார்த்தார். மழித்த முகத்தைப் பார்த்தார். ஈரத்தலையை விரித்துப் போட்டிருந்த என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். யாரைக் காணோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

பேசாமல் வந்து மாமனார் கையை இரண்டு கையாலும் பிடித்தார். மாமனாரும் பேசாமல் பிடித்துக்கொண்டார். அவர் எப்போதும் பேசாதவர்தானே. பிறகு அந்த ஆள் குளிக்காமலே, "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமலே இறங்கிப் போனார்.

சொல்லிக்கொள்ளாமல் போகிறாரே, என்ன மனுஷர் என்று எனக்கு வருத்தம். சாவுக்குக் கேதம் கேட்க வந்தவர்கள்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. யார் காரியம் என்று அந்த மாதிரி இடத்தில் கேட்பதும் வழக்கமில்லை. கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் வாசலில் அழுதவர்கள்

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கம்பத்துக்குத் திரும்பினோம். தெருமுனை திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா யாரு போய்ச் சேந்தாக?" என்றார் வீட்டுக்காரர். எக்ஸ்கர்ஷன் ருசி கெட்டுவிடுமே என்று அவருக்குக் கவலை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் வண்டியின் பின்பக்கம் குதித்து இறங்கினார். கேத வீட்டுக்குப் போக அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டார். "என்னப் பெத்த தாயே..." என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினார். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு வட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள். வட்டத்தில் புகுந்து இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார்.

வண்டி பக்கத்தில் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அது எங்கள் வாசல். பூட்டின வீட்டுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார்கள்.

*"கூடலூரில் பொறந்த கொடிமுல்லையே,*
*கம்பத்துக்கு வந்த கற்பூரமே,*
*வந்தவுகளுக்கெல்லாம் வாரி வச்ச கையி*
*வாசல்ல நிக்கிறோம், வான்னு சொல்லலையே..."*

எடுத்துப் பாடியது கூடலூராரின் பெண்சாதி. நாத்தனாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக அதுவரை சரித்திரம் கிடையாது. அவர் தோளில்தான் என் மாமியார் கை கிடந்தது. பாட்டு நாலைந்து அடி ஓடியது. மாமியாரும் கூடவே "ஆமாத்தா... ஆமாத்தா..." என்று மூக்கைச் சிந்தி அழுதார்.

எங்கள் தெருப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். காலையில் வண்டியேறிப் போனவர் அருவியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அவர்கள் நினைப்பு. மாட்டு வியாபாரி போய்ச் சொன்னதை வைத்து, அக்கா செத்து, எரித்து, சாம்பல் கரைக்கிற வரைக்கும் தனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை என்று கூடலூரார் நினைப்பு. அழுகிற இடத்தில் விவரம் கேட்பது மரியாதையில்லையே. அதனால் இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்காமல் மனம்விட்டு அழுதுகொண்டிருந்தன.

பாடினவர் மூச்சு வாங்கத் தலையை நிமிர்த்தினார். பக்கத்தில் பார்த்தார். போட்ட கூச்சலில் எங்கள் மாடு மிரண்டு வண்டியைச் சாக்கடைப் பக்கம் இழுத்துவிட்டது.

நடந்ததெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து மாமியாரைக் கேட்டேன், உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று. "ரெண்டாவது அடியிலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "ஆனா எந் தம்பி பொண்டாட்டி என்னய அம்புட்டு நல்லவளாச் சொல்லிக்கிட்டு இருந்தா. நடுவுல எப்படி நிறுத்தச் சொல்ல?"

கோடி வந்துவிட்டது

கூடலூரார் சுவரோரம் நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. கக்கத்தில் காகிதம் சுற்றின சேலை. அக்காளைப் பார்த்ததும் அவர் கால் ஓர் அடி முன்னே வந்தது. பிறகு நின்றுவிட்டது. தெருவே பார்க்கிறது. அழுத முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர்மேல் பாய்ந்தார்.

"மீசைய எங்கடா?"

"மாமா, அது... மதுரையில பேசன்..."

"ஆத்தா குத்துக்கல்லாட்டம் இருக்கையில கொள்ளிவச்சவன் மாதிரி நிக்கிறியே, அது பேசனா?"

வாத்தியார் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். முன்பாவது தடவ ஏதாவது இருந்தது.

"நான் வாரேன்" என்றார் கூடலூரார், வண்டிப்பக்கம் திரும்பி. "செத்தவளுக்குன்னுதான் வந்தேன். உசிரோட இருக்கவ வீட்டுல எனக்கென்ன சோலி?"

ஆனால் போக முடியவில்லை. கக்கத்தில் கோடி இருந்தது. கோடியென்று எடுத்த சேலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால், அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்பார்கள். கடையிலும் திருப்பி வாங்கமாட்டார்கள். உயிரோடு இருப்பவள் கையில் கொடுக்கவும் முடியாது. அழுதுகொண்டிருந்த கூட்டம் கண்ணைத் துடைத்துவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்தது. ஆற்றில் விடு என்றார் ஒருவர். ஆலமரத்தில் கட்டு என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பலசரக்குக் கடைக்காரர், "எப்படியும் ஒருநாள் தேவப்படும்ல, பத்திரமா வச்சிக்கிரட்டுமே" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார்.

மாமியார் தம்பியிடம் போனார். கக்கத்திலிருந்து சேலையை உருவினார். காகிதத்தைக் கிழித்து, விரலால் நூலைத் தேய்த்துப் பார்த்தார். அரக்குச் சுங்குடி, ஜரிகைக் கரை. கட்டையோடு எரிகிற சேலைதானே என்று கோடியை மட்டமாகத்தான் எடுப்பார்கள். இது கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை.

அதை மாரோடு அணைத்துக்கொண்டார். வீட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோடியை உயிரோடு கட்டினவளை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"நான் செத்தாத்தான் வருவேன்னு சத்தியம் பண்ணுன. வந்துட்ட" என்றார் தம்பியிடம். "கோடி போடத்தான் வருவேன்ன. போட்டாச்சு. ஒப்பாரியும் வச்சு முடிச்சாச்சு. ஒஞ் சத்தியத்துல இனி என்னடா பாக்கி?"

கூடலூரார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். அக்கா உயிரோடு இருக்கிறார் என்ற அழுகை அப்போதுதான் வந்தது அவருக்கு. மாமியார் அவர் முதுகைத் தடவிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். அம்மியை அல்ல, குடத்தை அல்ல.

"ஏ புள்ள, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? எந் தம்பி காலையிலருந்து பட்டினி. சோறு போடு."

வீட்டில் சமைத்தது ஒன்றுமில்லை. வண்டியில் மிஞ்சியிருந்த புளிச்சோற்றைத்தான் எடுத்து வந்தேன். இலையை அவர் முன்னால் போட்டு வைத்தேன். தன் மகள் போட வேண்டிய சோற்றை நான் போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவர் இலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். ஒரு வாய் எடுத்து மென்றார். தெருவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு முதல்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புக் கொறச்சலா இருக்கு ஆத்தா" என்றார்.

அந்தப் புளிச்சோற்றைக் கிளறியது நானில்லை. விடியக்காலம் என்னை அடுப்புப் பக்கமே விடாமல், தன் கையால் உப்புப் போட்டுக் கிளறியவர் மாமியார். அவர் இப்போது புதுச் சேலையின் முந்தானையை நீவிவிட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ பாத்துப் போடுறேன், சின்னய்யா" என்றேன்.